புது சைக்கிள் ஃபிரேமை யார் கையில் கொடுப்பது? பாகங்களை மாட்டுமுன் நான்கு வழிகள்

"அண்ணே, ஃபிரேம் வந்துடுச்சு. இந்த ஞாயித்துக்கிழமை மாட்டிடலாமா?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சைக்கிள் ஓட்டும் தம்பிகள் இப்படிக் கேட்கும்போது, பெட்டியைப் பிரித்த மறுநாளே செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கிவிட அவர்கள் கால் துடிப்பது எனக்குத் தெரியும். மாட்டலாம் தம்பி, ஆனால் முதலில் ஃபிரேமைத் தயார் செய்யணும் என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா, டவுனில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் கொடுக்கலாமா, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருக்கும் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகணுமா? இல்லை, கம்பெனியில் எல்லாம் சரியாகச் செய்துதானே அனுப்பியிருப்பார்கள், அப்படியே மாட்டிவிட்டால் என்ன?

ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று பாதிப் பதில் சொல்லி அனுப்புவதைவிட, முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

## தயார் செய்வது என்றால் என்ன

வெல்டிங் சூட்டில் குழாய்கள் சிறிது இழுத்துக்கொள்ளும். அப்புறம் பெயின்ட் அடிக்கும்போது அது மரைக்குள்ளும் விளிம்புகளிலும் ஏறிவிடும். நல்ல கம்பெனிகள் கடைசியில் மரையைச் சுத்தம் செய்து, விளிம்புகளைச் சீவிச் சமப்படுத்தி அனுப்புவார்கள். விலை குறைந்த ஃபிரேம்களில் அந்தக் கடைசி வேலை பாதியோடு நின்றிருக்கும்.

செய்ய வேண்டியவற்றை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன்.

முதல் வகை, உலோகத்தைச் சீவி எடுக்கும் வேலைகள். கிராங்க் உட்காரும் ஷெல்லின் (ஃபிரேமின் அடியில் உள்ள குட்டைக் குழாய்) மரையை டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு ஓட்டுவது, ஷெல்லின் இரண்டு விளிம்புகளையும் ஒன்றுக்கொன்று இணையாகச் சீவுவது, ஃபோர்க் நுழையும் ஹெட் குழாயின் உள்விட்டத்தை அளவாக்கி மேலும் கீழும் சமப்படுத்துவது, சீட் குழாயின் உட்புறத்தை ரீமர் போட்டு இழைப்பது, டிஸ்க் பிரேக் உட்காரும் இடத்தைச் சமப்படுத்துவது.

இரண்டாவது வகையில் எதையும் சீவுவதில்லை. கோணல் இருக்கிறதா என்று பார்ப்பது, தூசியும் பெயின்ட் பிசிரும் எடுப்பது, பின் கியர் தொங்கும் காதான ஹேங்கரை நேராக்குவது, ஸ்டீல் குழாயின் உட்புறத்துக்குத் துருக்காப்பு கொடுப்பது, சேரும் இடங்களில் கிரீஸ் தடவுவது.

பால்மரம் சீவியவர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மரமாவது பட்டையை மறுபடி வளர்த்துத் தரும். ஃபிரேம் தராது. அதனால் என் கணக்கு எளிது: சீவாத வேலை எல்லாம் வீட்டில், சீவுகிற வேலை எல்லாம் அதற்கென்றே செய்த கருவி இருக்கும் இடத்தில். மற்ற எல்லாம் இந்தக் கணக்குக்கு வரும் விதிவிலக்குகள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

என்ன மாட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். பேரிங் கப் ஷெல்லுக்கு வெளியே உட்காரும் புது வகைக் கிராங்க் என்றால், இரண்டு விளிம்புகளும் இணையாக இருந்தே தீரவேண்டும். கப் அந்த விளிம்பை நம்பித்தான் உட்காருகிறது. பேரிங் எல்லாம் ஒரே உருளைக்குள் அடைத்து வரும் பழைய சதுர அச்சு வகைக்கு அந்த அளவு கண்டிப்பு இல்லை. மரை சுத்தமாக இருந்தால் போதும்.

அடுத்தது ஃபிரேமின் உலோகம். ஸ்டீலுக்கு எல்லா வேலையும் உண்டு. அலுமினியத்துக்குத் துருக்காப்பு வேண்டாம், ஆனால் மரை மென்மையானது, ஒருமுறை சாய்வாக ஏற்றினால் கதை முடிந்தது. டைட்டானியத்தில் டேப் சிக்கிக்கொள்ளும், கட்டர் சீக்கிரம் மழுங்கும். பழகிய கைக்கு மட்டும் கொடுக்கலாம். கார்பனில் கம்பெனி சொல்லாமல் எந்தக் கட்டரும் வைக்கக்கூடாது.

மூன்றாவது, நம் ஊர் ஈரம். ஏப்ரல், அக்டோபர் வந்துவிட்டால் மாலையில் மழைக்குக் குறைவில்லை. மழை இல்லாத நாளிலும் காலையில் பனி, மதியம் வியர்வை. குளிர்நாட்டில் இருப்பவர் தள்ளிப்போடக்கூடிய வேலையை நாம் தள்ளிப்போட முடியாது.

பணமும் நாளும் கடைசியில்தான். ஒரு விஷயம் மட்டும் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்: கட்டர் பட்ட ஃபிரேமை விற்றவர் பெரும்பாலும் திரும்ப எடுக்கமாட்டார். கோணல் இருக்கிறதா என்று பார்ப்பதை எந்த வழியில் போனாலும் முதல் நாளே, வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

## வழி 1: வந்தபடியே மாட்டுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கமாட்டேன். கார்பன் ஃபிரேமுக்குப் பெரும்பாலும் இதுதான் சரி. பேரிங்கை நேராக உள்ளே வைத்துவிடும் ஹெட் குழாய், சதுர அச்சு கிராங்க், விரலாலேயே கப் சுழன்று இறங்கும் மரை, இவை மூன்றும் சேர்ந்திருக்கும் ஃபிரேமுக்கும் போதும்.

மறைந்திருக்கும் செலவு ஆறு மாதம் கழித்து வரும். மிதிக்கும்போது கிராங்க் பக்கம் 'கிர்க் கிர்க்' என்று ஒரு சத்தம். பேரிங் மாற்றுவீர்கள், சத்தம் கொஞ்ச நாள் நிற்கும், திரும்ப வரும். கோணலான விளிம்பில் இரண்டு பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காததால் வரும் சத்தம் அது. கிரீஸ் இல்லாமல் நுழைத்த அலுமினிய சீட் போஸ்ட் ஸ்டீல் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். இரண்டு உலோகமும் வியர்வை உப்பும் சேர்ந்து அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு சீட்டை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

## வழி 2: வீட்டு வாசலில், கைக்கருவியோடு

என் மனதுக்கு நெருக்கமான வழி இது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். நூல், வெர்னியர், மார்க்கர் பேனா, பழைய துணி, கிரீஸ், ஒரு முழு மாலை நேரம்.

நூல் சோதனையிலிருந்து தொடங்குங்கள். நூலின் ஒரு முனையை வலப்பக்க டிராப்அவுட்டில் (பின்சக்கர அச்சு உட்காரும் இடம்) கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, இடப்பக்க டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று வெர்னியரால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மி.மீ. வித்தியாசத்தை நான் பொறுத்துக்கொள்வேன். மூன்று, நான்கு என்று போனால் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். அப்படியே டிராப்அவுட் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். சாதாரண அச்சுக்கு ரோட் சைக்கிளில் 130 மி.மீ., மலைச் சைக்கிளில் 135 மி.மீ. வாங்கி வைத்திருக்கும் சக்கரத்தோடு பொருந்தாவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் மரை. இப்போது வரும் ஸ்டீல், அலுமினிய ஃபிரேம்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது பி.எஸ்.ஏ. என்ற அளவு மரை: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, ஷெல் அகலம் 68 அல்லது 73 மி.மீ. இதில் செயின் பக்கத்துக் கப் எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். இதை மறந்து வலப்பக்கமாகத் திருகித் திருகி மரையைச் சிதைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷெல் அகலம் 70 மி.மீ. என்று காட்டினால் இத்தாலிய மரையாக இருக்கலாம். அதன் விட்டம் 36 மி.மீ., இரண்டு பக்கமும் சாதாரணச் சுற்று.

மரைக்குள் பெயின்ட் மட்டும்தான் ஏறியிருக்கிறது என்றால் ஒரு பழைய வித்தை உதவும். அதே மரை உள்ள பழைய இரும்புக் கப் ஒன்றை எடுத்து, மரைக்குக் குறுக்கே ஆக்ஸா பிளேடால் மூன்று நான்கு வெட்டுப் போடுங்கள். எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால் என்று கையால் ஓட்டினால் பெயின்ட் அந்த வெட்டுகளில் சேர்ந்து வெளியே வரும். இது சுத்தம் செய்யும், அவ்வளவுதான். சாய்ந்த மரையை நேராக்காது.

அடுத்து மார்க்கர் சோதனை. ஷெல்லின் விளிம்பு முழுக்க மார்க்கர் பூசி, புதுக் கப்பைக் கையால் திருகி, விளிம்பில் தொட்டதும் லேசாக ஒரு அழுத்து கொடுத்துக் கழற்றுங்கள். மை சுற்றிலும் அழிந்திருந்தால் விளிம்பு நேர். ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் நான்காவது வழிக்கு நீங்கள் போக வேண்டியிருக்கும்.

பின் கியர் ஹேங்கரைப் பார்க்க ஒரு சக்கரம் போதும். ஹேங்கர் துளையின் மரை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. நெம்புகோலால் சட்டெனக் கழற்றி மாட்டும் (குவிக் ரிலீஸ்) வகைப் பின்சக்கரங்கள் பலவற்றின் அச்சுக்கும் அதே அளவு மரைதான். அப்படி ஒரு பழைய சக்கரத்தை ஹேங்கரில் திருகி, ஃபிரேமில் மாட்டியிருக்கும் சக்கரத்தோடு இணையாக நிற்கிறதா என்று சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். ரிம் இருக்கும் தூரத்தில் 4 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் கியர் ஒழுங்காக விழும். அதற்கு மேல் என்றால் அந்தச் சக்கரத்தையே பிடியாக வைத்து மெதுவாக வளைக்கலாம். ஸ்டீல் ஹேங்கர் வளைந்து கொடுக்கும். அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும்.

தண்ணீர் பாட்டில் துளைகளுக்கு 5 மி.மீ. டேப் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும், அதை ஓட்டிக்கொள்ளுங்கள். சீட் குழாயின் மேல் பிளவில் பிசிர் இருந்தால் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம். போஸ்ட் அதற்குப் பிறகும் இறங்கவில்லையா? குழாயைத் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் போஸ்டை அளந்து பாருங்கள். 27.2 மி.மீ. என்று எழுதிய குழாய்க்கு வேறு அளவு போஸ்டை வாங்கி வந்து மல்லுக்கட்டுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

ஹெட்செட் (ஹெட் குழாயில் ஃபோர்க் சுழல உதவும் பேரிங்) கப்பைச் சுத்தியலும் மரக்கட்டையும் வைத்து அடிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கப் சாய்ந்து இறங்கிக் குழாயின் உள்விட்டத்தைக் கெடுத்துவிடும். நீளமான மரைக் கம்பி ஒன்று, இரண்டு நட்டு, பெரிய வாஷர்கள் சில, இவற்றை வைத்து மெதுவாக இறுக்கி இறக்குங்கள். ஹார்ட்வேர் கடைச் செலவுதான்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு ஆசை. எல்லாம் நன்றாகப் போகும்போது, நாமே டேப் செட் வாங்கினால் என்ன என்று தோன்றும். ஷெல்லுக்கான நல்ல டேப், கட்டர் செட் ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகும். பல ஃபிரேம்களின் விலையே அவ்வளவு இல்லை. வாழ்நாளில் இரண்டு சைக்கிள் கட்டப் போகிறவருக்கு அது வேண்டாம். அரத்தை வைத்து விளிம்பைச் சமப்படுத்தலாம் என்ற எண்ணமும் வேண்டவே வேண்டாம்.

### துருக்காப்பு, கொஞ்சம் விரிவாக

ஸ்டீல் ஃபிரேம் உள்ளேயிருந்துதான் சாகிறது. சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் ஷெல்லில் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும், உள்ளே சுவர் மெலிந்துகொண்டே போகும். நல்ல குழாய்களின் நடுப்பகுதியில் சுவரின் தடிமன் 0.5, 0.6 மி.மீ. வரைகூட இறங்கும். அரிப்பதற்கு அங்கே அதிகம் இல்லை.

கார் சாமான் கடையில் கிடைக்கும், கதவின் உட்புறத்துக்கு அடிக்கும் மெழுகு ஸ்ப்ரே நல்லது. நீளக் குழல் வைத்து ஒவ்வொரு காற்றுத் துளை வழியாகவும் அடித்து, ஃபிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி ஓடவிடுங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் பாயில்டு லின்சீட் எண்ணெயும் வேலை செய்யும். உள்ளே ஊற்றி, புரட்டி, வடியவிட்டு, சில நாள் காயவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். பலகை வீடுகள் உள்ள இடங்களில் இது விளையாட்டு இல்லை.

மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது சுவரில் நிற்காமல் ஷெல்லுக்கு வழிந்து பேரிங் கிரீஸைக் கரைக்கும், தோலுக்கும் கெடுதல்.

சீவும் வேலை எல்லாம் முடிந்து, இரும்புத் தூளைக் கழுவித் துடைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஷெல்லின் அடித்துளையை அடைத்துவிடாதீர்கள். மரையில் வழிந்ததைத் துடைத்துவிட்டுக் கிரீஸ் தடவுங்கள்.

## வழி 3: டவுனில் உள்ள லேத் பட்டறை

டிராக்டர் அச்சும் செம்பனை லோரியின் பாகமும் செய்து பழகிய கை, சைக்கிளா முடியாது என்று நினைப்போம். ஆனால் அவரிடம் சைக்கிள் மரைக்கான டேப் இருக்காது, எதிர்ச்சுற்று டேப் நிச்சயம் இருக்காது. நான் ஒருமுறை கொடுத்தேன். நல்ல எண்ணத்தோடு கீழ்க்குழாயை வைஸில் இறுக்கினார். இரண்டு பக்கமும் பள்ளம். ஃபிரேமைப் பிடிக்க வேண்டுமானால் சீட் போஸ்டை மாட்டி அதைத்தான் பிடிக்க வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

ஹெட்செட் இறக்கும் கம்பிக்கு அளவாக வாஷர் கடைந்து தரவும், ஒட்டிக்கொண்ட போஸ்டை எடுக்கவும் இவரிடம் போகலாம். புது ஃபிரேமைச் சீவ வேண்டாம்.

## வழி 4: ஈப்போ கடை

இங்கே கிடைப்பது கருவியின் அமைப்பு. ஷெல்லின் இரு பக்கத்து டேப்பும் நடுவில் ஒரே வழிகாட்டித் தண்டில் உட்கார்ந்து சேர்ந்து இறங்கும். விளிம்பு சீவும் கட்டரும் அதே தண்டில்தான் சுழலும். இரண்டு பக்கமும் ஒரே அச்சில் அமைவது அதனால்தான். கை எவ்வளவு பழகியிருந்தாலும் வீட்டில் இதைச் செய்ய முடியாது. ஹெட் குழாய்க்கும் இதே மாதிரிக் கருவி உண்டு. வெளிக் கப் வகை 1⅛ அங்குல ஹெட்செட்டுக்குக் குழாயின் உள்விட்டத்தை அளவாக்கி, மேலும் கீழும் இணையாக்கித் தரும்.

எல்லாக் கடையிலும் இது இருக்காது. சைக்கிள் விற்பது வேறு, கட்டர் வைத்திருப்பது வேறு. போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள்: உங்கள் மரைக்கு டேப் இருக்கிறதா, விளிம்பும் சீவுவீர்களா, ஹெட் குழாய்க்கும் கட்டர் உண்டா? பதில் சொல்லத் தயங்கினால் வேறு கடை. போகும்போது கப், ஹெட்செட், ஃபோர்க் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சீவிய கையோடு அங்கேயே அழுத்தி மாட்டித் தரச் சொல்வது நல்லது, ஆனால் ஸ்டீல் ஃபிரேம் என்றால் மாட்ட வேண்டாம். துருக்காப்பு அதற்கு முன்னால் வரவேண்டும்.

கூடவே நின்று பாருங்கள். கட்டிங் ஆயில் தாராளமாக விடவேண்டும். பெயின்ட் போய், விளிம்பு முழுக்க வெள்ளி வளையம் தெரிந்ததும் நிறுத்தவேண்டும். அதற்கு மேல் சீவுவது வீண். மழுங்கிய கட்டர் என்றால் விளிம்பில் அலை அலையாகக் கோடு விழும்.

மறைந்திருக்கும் செலவு அந்த வெள்ளி வளையம்தான். அது பெயின்ட் இல்லாத வெற்று இரும்பு. நம் ஈரத்தில் இரண்டு நாள் விட்டால் பழுப்பேறும். வீடு திரும்பிய அன்றே கிரீஸோ மெழுகோ தடவிவிடுங்கள். ஒரு நாள் வேலை போவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புதுப் பெயின்ட் அடித்த பழைய ஃபிரேமைப் 'புதுசு' என்று வாங்கியவர்களுக்கு மட்டும் ஒன்று. தோட்டங்களில் ஓடிய பழைய ராலி சைக்கிள்கள் பலவற்றில் ஷெல் மரை அங்குலத்துக்கு 26. அதில் 24 மரை டேப்பை ஓட்டினால் ஷெல் பாழ். எந்தக் கடையாக இருந்தாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வந்தபடியே | வீட்டில் | லேத் பட்டறை | ஈப்போ கடை |
|---|---|---|---|---|
| மரையில் பெயின்ட் | அப்படியே நிற்கும் | பழைய கப்பால் எடுக்கலாம் | டேப் இருக்காது | முழுச் சுத்தம் |
| கோணல் விளிம்பு | சத்தம் போடும் | கண்டுபிடிக்கலாம், திருத்த முடியாது | கொடுக்காதீர்கள் | இதற்குத்தான் போவது |
| ஹேங்கர் | கியர் தடுமாறும் | பழைய சக்கரம் போதும் | வேண்டாம் | செய்வார்கள் |
| துருக்காப்பு | இல்லை | மிகச் சரியான இடம் | இல்லை | கேட்டாலும் காயவைக்க நாள் இருக்காது |
| பயப்பட வேண்டியது | ஒட்டும் போஸ்ட் | அவசரக் கை | வைஸ் | மழுங்கிய கட்டர் |

வெளிக் கப் கிராங்க் மாட்டப்போகும் ஸ்டீல் ஃபிரேம் என்றால் சோதனை வீட்டில், சீவல் ஈப்போவில், துருக்காப்பு மறுபடி வீட்டில். சதுர அச்சு மாட்டும் ஸ்டீல் ஃபிரேமுக்கு மரை சுத்தமாக இருந்தால் ஈப்போ தேவையில்லை. அலுமினியத்துக்கு மரை விரலுக்கு ஓடி, வெளிக் கப் என்றால் மார்க்கர் சோதனையும் தேறினால் வீட்டோடு முடியும், சற்றே இறுகினாலும் கடைக்குப் போய்விடுங்கள். கார்பனுக்கு, கார்பன் போஸ்டில் அதற்கென உள்ள பசை தடவி மாட்டுவதோடு சரி, கிரீஸ் வேண்டாம்.

இதை எழுதத் தூண்டிய தம்பியின் ஃபிரேம் ஸ்டீல், பி.எஸ்.ஏ. மரை, வெளிக் கப் கிராங்க். நூல் சோதனையில் ஒரு மி.மீ.க்குள் வந்தது. மார்க்கரில் செயின் பக்கம் மேல் பாதி மட்டும் அழிந்தது. சனிக்கிழமை மோட்டாரில் கட்டிக்கொண்டு ஈப்போ போய்ச் சீவி வந்தான். அன்று இரவே கழுவித் துடைத்து லின்சீட் ஊற்றினோம். இப்போது என் வாசல் உத்திரத்தில் தொங்குகிறது, அடியில் பழைய நாளிதழ் விரித்திருக்கிறேன். நான்காவது நாளாகச் சொட்டு விழுகிறது. தினமும் வேலை முடிந்து வந்து தாளைத் தொட்டுப் பார்க்கிறான். தாள் காயும்வரை கிராங்க் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.